மூன்றாவது பெல்ட்

விடிவதற்குள் போய்விட வேண்டும் என்று மெக்கானிக் அண்ணன் முதலிலேயே சொல்லிவிட்டார். "சூடான இன்ஜின் பொய் சொல்லும்ங்க. ராத்திரி முழுக்க ஆறிக் கெடந்த வண்டிதான் உண்மையைச் சொல்லும்." 1999 மார்கழியில் ஒருநாள் அப்பாவும் அவரும் நானும் ஈரோட்டிலிருந்து முதல் பஸ் ஏறிக் கோபிக்குப் போனோம். வாங்கப் போனது 1991 மாடல் மாருதி ஆம்னி வேன். 70,000 ரூபாய் சொல்லியிருந்தார்கள். அப்பாவின் கையில் இருந்தது 62,000.

அண்ணன் வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. நேராக முன்சீட்டைத் தூக்கி இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஜில்லென்றுதான் இருந்தது. ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஆயில் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு புகை குபுகுபுவென்று மேலே வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டிருந்த என்னிடம், "மீட்டரைத் திருப்பிடுவாங்க தம்பி, பெடல் ரப்பரைப் பாரு" என்றார். பிறகு தரைவிரிப்பை உரித்தார். ஓட்டுநரின் காலடியில் தகரம் துருப்பிடித்து, அதன்மேல் பட்டி வைத்துப் பெயின்ட் அடித்திருந்தது. அந்தத் துரு எங்களுக்கு 8,000 ரூபாயைக் குறைத்துக் கொடுத்தது.

திரும்பும் வழியில் அப்பா கேட்டார், "நம்பி ஓட்டலாமா?" அண்ணன் சொன்ன பதில் வெகுகாலம் எங்கள் வீட்டில் வேதவாக்காக இருந்தது: "நிக்கவே நிக்காதுன்னு சொல்ல மாட்டேனுங்க. நின்னா எந்த ஊர்லயும் எடுத்துடலாம்."

எங்கள் தொழிலுக்கு வேண்டியது அதுதான். திங்கள் இரவு ஈரோடு ஜவுளிச் சந்தையில் லுங்கியும் துண்டும் பிடித்து, வியாழன் புளியம்பட்டிச் சந்தை, பிறகு திம்பம் மலையேறித் தாளவாடி. 27 கொண்டை ஊசி வளைவுகளில் 796 சி.சி. இன்ஜின் மூச்சு வாங்கும். கார்பரேட்டரில் தூசி அடைத்தால் அப்பாவே கழற்றி ஊதுவார். பிளக்கைத் துடைப்பார். பத்து நிமிடத்தில் மறுபடியும் கிளம்பிவிடுவோம். அந்த வண்டி எங்களுக்குச் சோறு போட்டது. அக்கா கல்யாணக் கடனையும் அதுதான் அடைத்தது.

தைப்பூசத்துக்குப் பழனி போவோம். எட்டு சீட் வண்டியில் பதினோரு பேர். அம்மா முன்சீட்டில், மடியில் அக்காவின் கைக்குழந்தை. ஆம்னிக்கு மூக்கு கிடையாது. இன்ஜின் சீட்டுக்கு அடியில் இருப்பதால் முன்னால் இருப்பது ஒரு தகடும் ஒரு கண்ணாடியும்தான். அம்மாவின் முழங்காலுக்கும் எதிரே வரும் லாரிக்கும் நடுவில் அவ்வளவுதான் இருந்தது. அன்று நாங்கள் யாரும் அதை நினைத்துப் பார்க்கவில்லை. துருவைத் தேடினோம், புகையைத் தேடினோம். மோதினால் என்ன ஆகும் என்று மெக்கானிக் அண்ணனும் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. எங்களுக்கு ஒன்றும் நேராதது எங்கள் நல்ல காலம். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசையும்.

1984-இல் வந்த அந்த வேனின் தயாரிப்பு 2019-இல் நின்றது. புதிய பாதுகாப்பு விதிகளுக்கு அந்த உடம்பு ஒத்துவரவில்லை. எடை குறைவு, அடக்கமான உடம்பு, மூக்கே இல்லாத முன்பக்கம் என்று எதையெல்லாம் சொல்லி நாங்கள் அதைக் கொண்டாடினோமோ, அதெல்லாம்தான் அதற்கு எமனாக வந்தது.

இப்போது என் மகள் வேன் தேடுகிறாள். சென்னிமலைப் போர்வைகளைக் கண்காட்சிகளுக்குக் கொண்டுபோகிறாள். வேலை முடிந்து இரவில் நான்கு பெண்களை அவரவர் வீட்டில் இறக்கிவிட வேண்டும். பட்ஜெட் சிறிது. பழைய ஆம்னி ஒன்று மலிவாக வருகிறதே என்று நான்தான் முதலில் சொன்னேன். அவள் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றாள். மாருதியின் ஈகோ வேன்தான் பார்க்கலாம், அதிலும் ரொம்பப் பழசு வேண்டாம் என்றாள். ஏர்பேக் இல்லாத ஈகோ 2016-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை என்பதை எனக்குச் சொன்னவளும் அவள்தான். கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில். பக்கத்து சீட்டுக்கும் கட்டாயமானது 2022-இல்தான். அதனால் ஆர்.சி.யில் அவள் முதலில் பார்ப்பது தயாரிப்பு மாதத்தை.

நாங்கள் புரோக்கர் பின்னால் மூன்று நாள் அலைந்து தெரிந்துகொண்டதை, எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைத் தட்டி ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடுகிறாள். எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரை, வங்கிக் கடன் நிலுவையில் இருக்கிறதா என்று எல்லாம் வந்துவிடுகிறது. ஹெச்.பி. என்கிற கடன் அடமானப் பதிவு ரத்தாகாத ஒரு வண்டியை அட்வான்ஸ் கொடுக்கப்போன நேரத்தில் அப்படித்தான் தவிர்த்தோம்.

போன ஞாயிறு பெருந்துறையில் ஒரு வண்டி பார்த்தோம். விடிவதற்குள் போனோம், அதை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. சீட்டைத் தூக்கி இன்ஜினில் கை வைத்தேன். ஜில்லென்றிருந்தது. புகை இல்லை, ஓட்டிப் பார்த்தபோது பின் ஆக்சிலில் கிரவுன் சத்தமும் இல்லை. முடித்துவிடலாம் என்று அவளைத் தேடினால், பின்சீட்டில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். பெல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கடைசிவரை இழுத்து, நாடா எங்காவது நெளிந்திருக்கிறதா, விட்டதும் திரும்பிப் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை பலமாக மோதிய வண்டி என்றால் நாடா காட்டிக்கொடுக்கும் என்றாள்.

இரண்டு சரியாக இருந்தன. மூன்றாவதைக் காணோம்.

"சீட் கவர் போட்டப்போ உள்ள போயிருச்சுங்க. பின்னாடி யாரு பெல்ட்டு போடறாங்க?" என்றார் வண்டிக்காரர்.

அவள் கவரின் மேல் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். தையலுக்கு அடியில் கொக்கி மேடாகத் தட்டுப்பட்டது. நிமிர்ந்து அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"கத்தரிக்கோல் இருக்குங்களா?"