எத்தனை மக்கு?

வண்டி ஓரமாக நிற்கிறது. நீங்கள் அந்தக் குறுகலான கழிவறைக் கதவைத் திறந்து, முழங்கையை இடித்துக்கொண்டு வெளியே வருகிறீர்கள். முகத்தில் ஒரு நிம்மதி. அது அரை நொடிகூட நிலைக்காது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு குரல் வரும்.

"எத்தன மக்கு வே?"

"ரெண்டு அண்ணாச்சி."

"ரெண்டா! வெளங்கிரும். உள்ள போயி இன்னும் ஒண்ணு ஊத்திட்டு வாரும்."

ஒரு காலத்தில் வங்கிக் கிளை ஒன்றையே கட்டி மேய்த்தவன் நான். மனைவி, மச்சினன், மச்சினன் பிள்ளை எல்லோரும் பார்க்கத் தலையைக் குனிந்து உள்ளே போய் ஒரு மக்கு ஊற்றிவிட்டு வந்திருக்கிறேன். அடுத்த முறை உஷாராக "அஞ்சு" என்றேன். "அஞ்சா? டாங்கி என்ன, உம்ம மாமனார் வீட்டுக் கெணறா?" என்றார். மாமனாரின் மகள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

தமிழில் இந்தச் சொல்லுக்கு மூன்று வேலை. தண்ணீர் மொள்ளும் குவளையும் மக்கு, படிப்பு ஏறாதவனும் மக்கு, குப்பை கரைந்து மண்ணாவதும் மக்குவதுதான். தொட்டி அண்ணாச்சிக்கு மூன்றும் ஒரே பொருள். மக்குக் கணக்குத் தெரியாத மக்கு உள்ளே போனால், போனது மக்காது.

இவரை உங்களுக்கும் தெரியும். உங்கள் குடியிருப்பில் அவரிடம் வண்டி இருக்காது. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் சாவி இருக்கும். உங்கள் அலுவலகத்தில் இருந்தால் மின்விசிறியை அணைத்துக்கொண்டு பின்னாலேயே வருவார். எங்களுடையவருக்கு வாய்த்தது கழிவுத் தொட்டி. திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, புணேயை ஒட்டிய பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்று, வந்த பணத்தில் ஒரு பழைய டிராவலர் வண்டியை வாங்கினார். அதைத் தயாரிக்கும் கம்பெனிக்குத் தலைமையகம் ஆகுர்டியில் இருக்கிறது. அவர் தினமும் தாண்டிப் போன கேட்தான். வண்டிக்குள் இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு கழிவறை. 2021-ல் மகாராஷ்டிர அரசு கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கையே கொண்டுவந்தது. அது தன்னை மனத்தில் வைத்துப் போட்டது என்றே அண்ணாச்சி நம்புகிறார்.

வித்தை கற்றது அமெரிக்காவில். மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்தபோது இப்படி ஒரு வண்டியில் ஊர் சுற்றியிருக்கிறார்கள். கிராண்ட் கேன்யனைப் பற்றிக் கேட்டால் "பள்ளம்" என்று முடித்துவிடுவார். அங்கே வண்டிகளின் தொட்டியைக் காலி செய்யக் கட்டி வைத்திருக்கும் குழியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் ஆகும். மூடி எப்படி, குழாய் எப்படி, கழுவிவிடத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்ணில் நீர் தளும்பச் சொல்வார்.

சரி, மக்குக் கணக்கு. தொட்டி 80 லிட்டர். மக்கு ஒரு லிட்டர். ஆறு பேர், நாளுக்கு மூன்று தடவை, தடவைக்கு நாலு மக்கு என்றால் 72. ஐந்தாவது மக்கு விழுந்தால் 90. பொழுது சாயுமுன் தொட்டி நிரம்பி, காலி செய்ய இடம் தேடித் தெருத் தெருவாக அலைய வேண்டும். மூன்றுக்குக் கீழே போனாலோ வேறு ஆபத்து. வீட்டில் வளைந்த குழாய் இருக்கிறது, தள்ளிக்கொண்டு போகச் சரிவு இருக்கிறது. வண்டியில் நேராக ஒரு துளை, அதற்கு நேர் கீழே தொட்டி. தண்ணீர் போதாவிட்டால் விழுந்தது விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து, காய்ந்து, அதன்மேல் அடுத்தது உட்கார்ந்து, கோபுரமாக எழும்பித் துளையைத் தொட்டுவிடும். "அமெரிக்காக்காரன் இத பிரமிடுங்கான்" என்பார். இதை அவர் விளக்குகிற நேரம் எப்போதும் காலைப் பலகாரம். கையில் அவல் போஹாத் தட்டு இருக்கும். சொல்லிக்கொண்டே கரண்டியால் போஹாவைக் குவித்துக் காட்டுவார். உச்சியில் கொத்தமல்லி.

என் மனைவி போஹா சாப்பிட்டு இரண்டு வருஷமாகிறது. புணேயில் போஹா இல்லாமல் வாழ்வது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஆக, மூன்று அல்லது நாலு. வேறு விடை கிடையாது. எல்லோருமே அதை மனப்பாடம் செய்துகொண்டுவிட்டோம். அதுவும் பிடிக்கவில்லை அவருக்கு. "எல்லாவனும் மூணுங்கான். எவனாவது பொய் சொல்லுதான்" என்று தலையை ஆட்டுவார். ஒருநாள் கதவுக்கு வெளியே நின்று மக்கின் சத்தத்தை எண்ணியதைப் பார்த்தேன். பெண்களிடம் நேராகக் கேட்க மாட்டார், அந்த மட்டுக்கும் மரியாதை தெரிந்தவர். தன் மனைவியை, எங்கள் மைனியை விட்டுக் கேட்பார். மைனி கேட்காமலே "நாலாம்" என்று வந்து சொல்லிவிடுவாள். நாற்பது வருஷ இல்லறத்தின் ரகசியம் அது.

கழிவறைச் சுவரில் ஒரு பலகை. நக்கலாக அறிவிப்புப் பலகை எழுதுவது புணேக்காரர்களின் குலத்தொழில். மதியம் ஒரு மணிக்கு மேல் அழைப்பு மணியில் கை வைப்பவனின் வம்சத்தையே நாலு வரியில் கரைத்துவிடுவார்கள். முப்பது வருஷத்தில் அண்ணாச்சிக்கு மராத்தி வந்ததோ இல்லையோ, இந்தக் கலை வந்துவிட்டது. "தொட்டி 80 லிட்டர். உங்கள் பெருமை அதற்கு மேல் என்றால் வீட்டிலேயே விட்டு வரவும். ஈரத்தாளைப் போடுபவர்கள் அதை எடுக்கவும் தயாராக வரவும்."

ஈரத்தாள் விஷயத்தில் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கவரில் என்ன எழுதியிருந்தாலும் அந்த வெட் வைப்ஸ் பெரும்பாலும் கரைவதில்லை. 2017-ல் லண்டன் ஒயிட்சேப்பலில் சாக்கடைக்குள் இந்தத் துணித்தாளும் கொழுப்பும் சேர்ந்து 250 மீட்டர் நீளத்துக்கு, 130 டன் எடைக்குக் கட்டியாகி நின்றது. அந்தப் படம் அவர் போனில் பேரன் படத்துக்கு அடுத்ததாக இருக்கிறது. நாப்கினுக்கும் ஏற்பாடு உண்டு. புணேயில் வீடு வீடாகக் குப்பை எடுப்பவர்களின் கூட்டுறவான 'ஸ்வச்', காகிதத்தில் சுற்றிச் சிவப்புப் புள்ளி வைத்துக் கொடுங்கள் என்று சொன்னதல்லவா, அதைப் பார்த்து இவரும் ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்த காகிதங்களை அடுக்கி மைனியிடம் கொடுத்து வைத்திருக்கிறார். 'தி' என்ற பெயரில் ஓய்வுபெற்ற நகரப் பேருந்துகளைப் பெண்களுக்கான கழிவறையாக மாற்றி 2016-ல் இங்கே நிறுத்தத் தொடங்கினார்கள். 'தி' என்றால் மராத்தியில் 'அவள்'. அதன் தொட்டி எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போய், பேருந்துக்கு அடியில் குனிந்த நிலையில் பிடிபட்டுத் திரும்பி வந்ததும் இவர்தான்.

பனிக்கட்டி விவகாரம் தனி. தொட்டிக்குள் பனிக்கட்டியைக் கொட்டி மலைப்பாதையில் ஓட்டினால் அது உருண்டு உருண்டு உள்பக்கத்தைத் தேய்த்துவிடுமாம். இதற்காகவே புதிய சுரங்கப் பாதையை விட்டுப் பழைய காத்ரஜ் மலைப்பாதையில் போவார், சுரங்கத்தில் குலுங்காதே. கரும்புச்சாறு விற்கும் ரசவந்திக் கடையில் வண்டியை நிறுத்தி, சாறு வேண்டாம், பனிக்கட்டி மட்டும் ஒரு வாளி என்றார். கடைக்காரர், "பர்ஃப் கஷாலா, காகா?" என்று சிரித்தபடி கேட்டார். எதற்கு என்று இவரும் வெள்ளந்தியாக மராத்தியில் விளக்கினார். சாறு குடித்துக்கொண்டிருந்த நாலு பேர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

"அண்ணாச்சி, பனிக்கட்டி மிதக்கும். அடியில் இருப்பதை அது எப்படித் தேய்க்கும்?" என்று நான் கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன். ஷிர்வல் வரும்வரை அவர் என்னோடு பேசவில்லை. ஷிர்வலில் இறங்கி, "நீரு பேங்குல இருந்தவரு. உமக்கு அசையுற சொத்து, அசையாச் சொத்து ரெண்டுந்தான் தெரியும்" என்றார்.

இவ்வளவும் எழுதிவிட்டு இதையும் சொல்லாவிட்டால் என் சோறு எனக்குச் செரிக்காது. எங்களுடையது பழைய குடியிருப்பு, செப்டிக் டாங்க்தான். ஒரு மழைக்காலத்தில் அடைத்துக்கொண்டது. கமிட்டியில் இருவர் எங்கிருந்தோ ஒரு பையனைக் கூட்டிவந்தார்கள். இருபது வயது இருக்கும். இடுப்பில் கயிறு, வெறுங்கால். இறங்கிக் குத்திவிட்டால் ஆயிரம் ரூபாய் என்று பேச்சு. அண்ணாச்சி போய் அந்த மூடியின்மேல் நின்றுகொண்டார். கத்தவில்லை. 2013-லேயே சட்டம் வந்துவிட்டது, இறக்குவது குற்றம் என்றார். உள்ளே இருக்கும் வாயு அழுகின முட்டை மாதிரி நாறும், அளவு கூடினால் மூக்கு செத்துப்போய் நாற்றமே தெரியாது, அதனால்தான் காப்பாற்ற இறங்குகிறவனும் சாகிறான் என்றார். இப்படிச் செத்தால் குடும்பத்துக்கு முப்பது லட்சம் கொடுக்கவேண்டுமென்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சொன்னார். உறிஞ்சும் லாரிக்குச் சில ஆயிரம் ஆகும். முக்கால் கோடிக்கு வீடு வாங்கியவர்கள் அந்தச் சில ஆயிரத்துக்கு முக்கால் மணி நேரம் மூக்கால் அழுதார்கள். நானும் அங்கேதான் நின்றேன்; நான் ஒரு வார்த்தை பேசவில்லை. லாரி வரும்வரை அண்ணாச்சி மூடியைவிட்டு இறங்கவில்லை. அந்தப் பையனுக்குத் தன் பையிலிருந்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து அனுப்பிவிட்டு, கமிட்டிக்காரரைப் பார்த்து, "நீரு வீட்டுல எத்தன மக்கு வே ஊத்துதீரு?" என்றார்.

அவர் தொட்டியை அவரே காலி செய்வார். யாரையும் தொடவிட மாட்டார். முதலில் கழிவுத் தொட்டி, பிறகு குளித்த தண்ணீர்த் தொட்டி. அந்த சோப்புத் தண்ணீர் வரும் வழியில் குழாயையும் கழுவிக்கொண்டு வரும். ப்ளீச்சிங் பவுடர் கூடாது, உள்ளே வேலை செய்கிற நுண்ணுயிர் செத்துப்போகும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கட்டளை: வால்வை மூடியே வை, முக்கால் வாசியாவது நிறைந்தபின் திற. திறந்தே வைத்தால் தண்ணீர் உடனுக்குடன் வடிந்து, ரசம் இறங்கிப் பருப்பு தங்குகிற கதையாகக் கெட்டியானது மட்டும் தங்கிவிடும். இதை அவர் சொல்லிக் கேட்காதவர் எங்கள் குடியிருப்பில் காவலாளி உட்பட ஒருவர் இல்லை.

போன ஜனவரியில் பஞ்சகனிக்குக் கிளம்பினோம். விடியற்காலை பையை ஏற்றப் போனவன் பார்த்தேன்: வண்டியின் குழாய் குடியிருப்பின் கழிவுச் சேம்பரில் செருகிக் கிடந்தது, வால்வைத் திறக்கும் பிடி வெளியே இழுத்தபடி இருந்தது. ஒரு வாரமாக அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க மதியம் செய்தித்தாளோடு வண்டிக்குள் போய் உட்கார்ந்தவர் அவர் ஒருவர்தான். அண்ணாச்சி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பிடியை உள்ளே தள்ளி, குழாயைச் சுருட்டினார். என்னைப் பார்த்தாரா என்று தெரியவில்லை.

வாய் என்கிற ஊரைத் தாண்டுமுன் தொட்டி அடைத்துக்கொண்டது. ஊற்றிய தண்ணீர் இறங்காமல் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தது. "எவன் வே மக்கக் கொறச்சவன்?" என்று அண்ணாச்சி வண்டி அதிர ஒரு சத்தம் போட்டார். எல்லோரும் என் மச்சினனைப் பார்த்தார்கள். வழக்கமாகவே அப்படித்தான் பார்ப்பார்கள். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியாகக் கிருஷ்ணா நதியைப் பார்த்தேன். பிறகு அவர் சத்தமே போடவில்லை. வாளி வாளியாக வெந்நீர் வைத்து ஊற்றினார். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிளாஸ்டிக் வளையும் என்பதால் கை பொறுக்கும் சூடு. பசர்ணி மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு வேண்டுமென்றே ஆட்டி ஆட்டி ஓட்டினார். பஞ்சகனியில் நாங்கள் தங்கிய ஸ்ட்ராபெரித் தோட்டக்காரர், தன் செப்டிக் டாங்கில் விட்டுக்கொள்ள இருநூறு ரூபாய் கேட்டார். கையுறை போட்டுக்கொண்டு, தோட்டத்து ஹோஸைத் துளைவழியே விட்டு, இரண்டு மணி நேரம் தனியாகப் போராடினார். நான் உதவிக்குப் போனேன். "தள்ளி நில்லும்" என்றார். கடைசியில் ஒரு பெரிய சத்தம் கேட்டது. மைனி சாமியைக் கும்பிட்டாள்.

குளித்துவிட்டு வந்து டீ கேட்டார். அன்று ராத்திரி பிரமிடு பேச்சு எழவில்லை. மறுநாளும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மச்சினன் பையன் கழிவறையிலிருந்து வெளியே வந்து, கேள்வி வராததால் குழம்பிப்போய்க் கதவருகிலேயே நின்றான்.

திரும்பும் வழியில் ஷிர்வலில் வண்டி நின்றது. நான் போய்விட்டு வெளியே வந்தேன். அண்ணாச்சி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு அண்ணாச்சி" என்றேன்.

"ம்."

கொஞ்ச நேரம் போயிற்று. கண்ணாடியில் அவர் கண் மேலே வந்தது.

"நெறச்சு மூணா, கொறச்சு மூணா?"