எலும்பை ஒட்டுவது யார்?

கேள்வி: முறிந்த எலும்பு ஆபரேஷன் இல்லாமலே சேருமா? புத்தூர் கட்டுக்குப் போகிறவர்கள் குணமாகித்தானே திரும்புகிறார்கள்?

பதில்: எலும்பை ஒட்டுவது மாவுக்கட்டும் அல்ல, புத்தூர்க் கட்டும் அல்ல, எலும்பேதான். முறிந்த இடத்தில் இரத்தம் உறைந்து, இரண்டு மூன்று வாரத்தில் மென்திசு வளரும். அதில் சுண்ணாம்புச் சத்து ஏறிக் கெட்டிப்படும். முனைகளை நேராக நிறுத்தி அசையாமல் வைப்பதுதான் கட்டின் வேலை. ஆந்திரத்துப் புத்தூரில் அதற்குப் பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை; ஆஸ்பத்திரியில், 1851இல் டச்சு ராணுவ மருத்துவர் மத்தைசன் கொண்டுவந்த மாவுத்துணி. நனைத்துச் சுற்றினால் லேசாகச் சுட்டுக்கொண்டே சில நிமிடத்தில் இறுகிவிடும். உழைப்பது உடம்பு, பேர் வாங்குவது கட்டு!

விலகாத முறிவுக்கு, அதுவும் சின்னப் பிள்ளைகளுக்கு, இதுவே போதும். மணிக்கட்டுக்கு ஆறு வாரம் என்றால் கணுக்காலுக்கு மேல் உடைந்த கால் எலும்புக்கு மூன்று நான்கு மாதம்கூட ஆகலாம். பாட்டியின் இடுப்பு முறிவு, தோலைக் கிழித்து வெளியே வந்த எலும்பு, மூட்டுக்குள் விலகிய முறிவு ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் கத்திதான். எக்ஸ்ரே பார்க்காமல் கட்டினால் கோணலாகவும் சேரும்; எலும்புக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போடத் தெரியாது. கட்டிய பின் வலி ஏறிக்கொண்டே போய், விரல் நீலம் பாய்ந்தாலோ மரத்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.