செருப்புக்கு மட்டும் ரோஷம்

2025 ஜூனில் மிலான் ஃபேஷன் மேடையில் இத்தாலிய நிறுவனமான பிராடா கோலாப்பூர் செருப்பை நடக்கவிட்டது; ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. மும்பையே கொதித்தது. 2019இலேயே புவிசார் குறியீடு வாங்கிய செருப்பாயிற்றே! நியாயமான கோபம்தான். ஆனால் அதே மும்பையின் தாராவியில் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் உட்படப் பலர் தைக்கும் தோல்பை யார் பெயரில் ஷோரூமுக்குப் போகிறது என்று மட்டும் யாரும் கொதிப்பதில்லை. ஃபேஷன் கல்லூரியில் அவர்களுக்கும் இடமுண்டு: மாணவர் ப்ராஜெக்டில், புகைப்படமாக.

தாராவித் தோல் தொழிலாளர்களோடு கைகோத்த வடிவமைப்பாளர் சுதீர் ராஜ்பர் தன் பிராண்டுக்கு 'சமார் ஸ்டுடியோ' என்றே பெயர் வைத்தார். தோல் தொழிலோடு ஒட்டி, வசவாகப் புழங்கிய சாதிப்பெயரை இனி சீமாட்டிகள் கௌரவமாகத் தோளில் மாட்டிக்கொள்ளலாம்.

பிராடாவாவது கண்டனம் கிளம்பியதும் மூலம் எதுவென்று ஒப்புக்கொண்டது. உள்ளூர் ஷோரூம் முதலாளிகளே, அடுத்து நீங்கள்தான்.