வுடுப்பா சித்தப்பா

வலையில் ஓர் ஆள் தலையை விட்டு எட்டிப் பார்க்கலாம், அத்தனை பெரிய கிழிசல். பக்கத்தில் மணலில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார் வுடுப்பா சித்தப்பா. வலை ஊசி காதோரம் செருகியிருக்கும், நூல்கண்டு மடியில் கிடக்கும், கை மட்டும் பீடியில் இருக்கும். "இதைத் தெச்சு முடிச்சுட்டா என்ன சித்தப்பா?" என்றால் பதில் தயார். "வர்ற இறாலு வந்தே தீரும். போறது போவும். நம்ம கையில இன்னா கீது? வுடுப்பா."

காதில் ஊசி இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தாயிற்று.

படகுச் செலவில் அவர் பங்கைக் கேட்டால் நேராக 1613-க்குப் போய்விடுவார். அந்த வருஷம் டச்சுக்காரன் எங்கள் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டினான். இன்றைக்கு அது மேடும் புதரும். "அம்மாம் பெரிய கோட்டையே போச்சு, நீ டீசல் காசுக்கு நிக்கிறியே!" அதோடு விடமாட்டார். டச்சுக் கல்லறை வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் இரண்டு நிற்கின்றன அல்லவா, அவற்றையும் சாட்சிக்கு இழுப்பார். "அதுங்க இன்னா எடுத்துக்கினு போச்சு?" எலும்புக்கூடு எஞ்சின் ஓட்டவில்லையே என்று நாம் முனகுவதற்குள் டீக்கடை பெஞ்சில் இருப்பார். அந்த டீயும் நம் கணக்கு.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகாதே என்பார்கள். குப்பமே பொருமும். இவர் துண்டை விரித்துப் படுப்பார், புகை கிளம்பும்போது எழுந்து அண்ணாந்து பார்ப்பார், மறுபடி படுப்பார். எங்கள் தெருப் பெரியவர்களில் பிரஷர் மாத்திரை போடாதவர் அவர் ஒருவர்தான். 2016 டிசம்பரில் வர்தா புயலில் என் படகு உடைந்தபோது ராத்திரி முழுக்க என் பக்கத்திலேயே உட்கார்ந்து, "உசுரு கீது இல்ல, வுடுப்பா" என்றார். மறுநாள் எனக்குத் தொண்டையில் சோறு இறங்கியது அதனால்தான்.

ஆனால் எங்கள் ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் புயல் இல்லை. மழை வெள்ளம் திறந்துவிட்டுப் போவதைக் கோடையில் மணல் வந்து அடைத்துவந்தது. அடைத்துவிட்டால் கடலிலிருந்து இறால் குஞ்சு ஏரிக்குள் வராது, வெளியே போகும் படகு தரை தட்டும். தூர் வாருங்கள், இரண்டு பக்கமும் கல்சுவர் போடுங்கள் என்று வருஷக்கணக்கில் மனுக் கொடுத்தார்கள் எங்கள் ஆட்கள். சித்தப்பாவிடம் கையெழுத்து வாங்கப் போனால், "கடலம்மா தொறப்பா, கடலம்மா மூடுவா, வுடுப்பா." இதற்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. காற்றை எவனாலும் திருப்ப முடியாது, மணலை அள்ள முடியும். அள்ளக்கூடியதையும் காற்றோடு சேர்த்து விட்டுவிட்டு இவர் நிம்மதியாகத் தூங்க, இவருக்கும் சேர்த்து கலெக்டர் ஆபீஸ் வெயிலில் நின்றவன் அடுத்தவன்.

சரி, எல்லாவற்றையும் விட்ட மனிதரைப் பாடு நாளில் பாருங்கள். ஏரியில் எந்த நாள் எந்த ஊர், எவன் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று பாட்டன் காலத்து முறை இருக்கிறது. தன் முறைக்கு முதல் நாள் சாயங்காலமே லுங்கியை மடித்துக் கட்டிவிடுவார். கிழிசல் எப்படியோ தைபட்டிருக்கும். அவர் இடத்துக்குள் ஒரு முழம் எவனாவது கழி ஊன்றிவிட்டால், பஞ்சாயத்து கூடும்வரை தொண்டை ஓயாது. "ஒரு முழந்தானே, வுடுங்க சித்தப்பா" என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். ரொம்ப நாள் பேச்சே இல்லை.

பேச ஆரம்பித்ததும் முதல் காரியமாக என் நண்டு வலையை இரவல் வாங்கிப் போனார். கேட்டால் மறுபடி டச்சுக்காரன் வருகிறான். சித்தப்பா, அந்த வலைக்கு நான் இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த வாரத்துக்குள் கொண்டுவந்து திண்ணையில் போட்டுவிடுங்கள்.