மங்க்குக்குப் பெண் பார்க்கலாமா?

தொலைக்காட்சித் துப்பறிவாளரின் மனைவி கண்ணில் படவே கூடாது. பட்டால் போட்டோவாகத்தான் பட வேண்டும். கொலம்போவை எடுத்துக்கொள்ளுங்கள். "என் மனைவி சொல்லுவாள்" என்று வாய் ஓயாமல் பாடிய மனிதர், அந்த அம்மாளை ஒரு தடவைகூட நமக்குக் காட்டவில்லை. பொறுக்கமாட்டாமல் 1979இல் அவருக்கென்று தனியாக ஒரு தொடரே எடுத்துப் பார்த்தார்கள். நடுவில் பெயரை மாற்றியும் தேறவில்லை. அடுத்த வருஷமே மூடுவிழா. 1990இல் கொலம்போ தன் மனைவிக்குச் சவ அடக்கமே நடத்தினார். ஒரு கொலைகாரியைப் பிடிக்க அவர் போட்ட நாடகம் அது. வீட்டில் அம்மாள் சௌக்கியம்.

மனைவி உயிரோடு இருக்கும் டிடெக்டிவ்வுக்கே இந்தக் கதி என்றால், நிஜமாகவே பறிகொடுத்தவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஃபாயில் என்றொரு பிரிட்டிஷ் போலீஸ் அதிகாரி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஹேஸ்டிங்ஸ் என்ற கடற்கரை ஊரில் கொலைகாரர்களைப் பிடிப்பார். ஓய்வு கிடைத்தால் மீன் பிடிப்பார். 2002 முதல் 2015 வரை தொடர் ஓடியது. அவர் தூண்டிலில் மீனைத் தவிர எதுவும் நிலையாகச் சிக்கவில்லை.

எங்கள் வீட்டில் பிரச்சினையான ஆசாமி ஃபாயில் அல்ல; ஏட்ரியன் மங்க். 2002இல் ஆரம்பித்து எட்டு சீசன், 125 எபிசோடு ஓடிய அமெரிக்கத் தொடரின் நாயகன். சான் ஃபிரான்சிஸ்கோ போலீஸில் இருந்தவர். பத்திரிகைக்காரியான மனைவி ட்ரூடி 1997இல் கார் குண்டில் இறந்துபோக, அந்த அதிர்ச்சியில் வீட்டைவிட்டு வெளியே வர முடியாமல் முடங்கி, வேலையையும் இழந்தவர். 312 பயங்கள் உண்டு அவருக்கு. கிருமி, லிஃப்ட், ஒரு டம்ளர் பால், எல்லாமே பயம். யாருக்காவது கை கொடுத்தால் அடுத்த நொடி உதவியாளர் ஈரத் துடைப்பான் நீட்ட வேண்டும். டோனி ஷல்ஹூப் இந்த வேஷத்துக்காக மூன்று எம்மி விருது வாங்கினார், மூன்றும் தகும்.

இவருக்கு மறுமணம் செய்து வைப்பதா, கூடாதா? வீடு இரண்டுபட்டுவிட்டது. என் மனைவி செய்தே ஆக வேண்டும் என்ற கட்சி. "பாவம்ங்க, அந்த மனுஷன் தினம் தனியா உட்கார்ந்து சாப்பிடறதைப் பார்க்க முடியல" என்பது அவள் வாதம். நான் எதிர்க்கட்சி. நான் எதிர்ப்பதை அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, "நான் போயிட்டா நீங்களும் இப்படியே இருப்பீங்களா?" என்று பாசத்தோடு கேட்டாள். இந்த மாதிரிக் கேள்விக்குப் பதில் சொல்லும் கணவன் இன்னும் பிறக்கவில்லை. நான் மோர் குடிக்கப் போனேன்.

மூன்றாவது கட்சி அவளுடைய சித்தி. கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டு எங்கள் வீட்டில் தங்கியிருந்தவர், டி.வி. பார்க்கக் கூடாதென்பதால் முதுகைக் காட்டி உட்கார்ந்து, என்னைக் கதை சொல்லச் சொல்லிக் கேட்பார். சொந்தத்தில் பாதிக் கல்யாணம் அவர் முடித்து வைத்தது. அதனால் கொலையாளி யார் என்பதில் அவருக்கு அக்கறை கிடையாது.

"மாப்பிள்ளை, அவருக்கு என்ன வயசு?"

"ஐம்பதை நெருங்கறார், அத்தை."

"உத்தியோகம்?"

"போலீஸ்ல இருந்தார். மனநிலை சரியில்லைன்னு அனுப்பிட்டாங்க. இப்ப அதே போலீஸுக்கு வெளியில இருந்து துப்புத் துலக்கிக் கொடுக்கறார்."

"அப்ப பென்ஷன்?"

தொடரின் எழுத்தாளர்கள் யாரும் யோசித்திருக்க முடியாத கேள்வி இது. ஆனால் கை கழுவும் விஷயத்தைச் சொன்னதும் அத்தைக்கு மங்க்கைப் பிடித்துவிட்டது. "அது வியாதியா? எங்க பெரியப்பா மடி பார்க்கறேன்னு திண்ணையைத் தாண்டினதில்லை. ஆறு பிள்ளை பெத்தார்" என்றார்.

அடுத்து வரன் ஆராய்ச்சி. முதல் பெயர் நட்டாலி டீகர். மங்க்கின் இரண்டாவது உதவியாளர், விமானி கணவரைக் கொசோவோவில் இழந்தவர், ஒரு பெண் குழந்தைக்குத் தாய். துடைப்பான் பாக்கெட்டும் ஏற்கெனவே அவர் பையில்தான் இருக்கிறது. பொருத்தம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம் என்பார்கள். நான் ஒப்ப மாட்டேன். நட்டாலிக்குச் சம்பளம் கொடுப்பதென்றால் மங்க்குக்குக் கை வராது. அந்த அம்மாள் தொடர் முழுக்க அதைச் சொல்லிப் புலம்புகிறார். சம்பள பாக்கி வைத்திருப்பவரைக் கட்டிக்கொண்டால் பாக்கி வசூலாகாது. வேலை மட்டும் இரட்டிப்பாகும்.

அவரைப் போலவே சுத்தக்காரியாகப் பார்த்தால் என்ன என்றாள் மனைவி. அதற்கும் தொடரிலேயே பதில் இருக்கிறது. ஹெரால்ட் கிரென்ஷா என்று ஒருவர், அதே வியாதி, அதே டாக்டர். காத்திருக்கும் அறையில் கிடக்கும் பத்திரிகைகளை எப்படி அடுக்குவது என்பதில் தொடங்கி, இருவருக்கும் பல வருஷம் ஜென்மப் பகை. ஒரே வீட்டில் இரண்டு ஒழுங்கு தாங்காது.

காதலே வரவில்லை என்றும் சொல்ல முடியாது. ஏழாவது சீசனில் லெய்லா என்ற பெண்ணிடம் மங்க் மனதைப் பறிகொடுத்தார். அவள் ஒரு கொலை வழக்கில் மாட்டிக்கொள்ள, இவர் உயிரைக் கொடுத்து அவள் நிரபராதி என்று நிரூபித்தார். எப்படி? கொலை செய்தது அவளுடைய அம்மா என்று கண்டுபிடித்து. மாமியார் ஜெயிலுக்குப் போனார், சம்பந்தம் முறிந்தது. வேறு எந்த மாப்பிள்ளையாவது இருந்தால் கொஞ்சம் கண்டும் காணாமல் இருந்திருப்பார். (பலருக்கு இது ரகசியக் கனவாகவும் இருக்கலாம். அத்தை பக்கத்தில் இருந்ததால் இதை நான் சத்தமாகச் சொல்லவில்லை.)

என் எதிர்ப்புக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. ட்ரூடிக்குத் துரோகம் என்று நான் சொல்லவில்லை. துப்பறியும் தொடரில் புதுக் காதலியாக வரும் பெண்ணை நினைத்துத்தான் பயப்படுகிறேன். அவள் பிணமாவாள், இல்லையென்றால் கொலைகாரியாவாள். மங்க்கின் நண்பர் கேப்டன் ஸ்டாட்டில்மேயர், விவாகரத்துக்குப் பிறகு வீடு விற்றுக் கொடுக்கும் ஒரு பெண்ணோடு சந்தோஷமாகத்தான் பழகினார். அவளே தன் தொழில் கூட்டாளியைக் கொன்றவள் என்று கண்டுபிடித்தவர் சாட்சாத் மங்க். இரண்டுமில்லாமல் ஒருத்தி நிஜமாகவே மனைவியாகிவிட்டாலோ, தொடர் படுத்துவிடும். 'த மென்டலிஸ்ட்' நாயகன் பாட்ரிக் ஜேன் அதற்கு சாட்சி. மனைவியையும் மகளையும் கொன்றவனைத் தேடி வருஷக்கணக்கில் அலைந்தவர், 2015இல் கூட வேலை பார்த்த லிஸ்பனைக் கைப்பிடித்தார். தாலி ஏறிய எபிசோடோடு கடையைச் சாத்திவிட்டார்கள். அவர்கள் ஊரில் அது மோதிரம்தான், இருந்தாலும் விளைவு ஒன்றே.

மங்க் தொடர் 2009 டிசம்பரில் முடிந்தது. அந்தக் கடைசி இரண்டு எபிசோடைப் பற்றிச் சொல்லாமல் இந்த வழக்கை முடிக்க முடியாது. முடிவைச் சொல்லிவிட்டேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். இத்தனை வருஷம் பார்க்காதவர்கள் இனியும் அவசரப்படப்போவதில்லை. ட்ரூடி சாவதற்கு முன் மங்க்குக்கு ஒரு கிறிஸ்துமஸ் பரிசு கொடுத்திருந்தாள். சுற்றிய காகிதம் கசங்காமல் அதை அவர் பன்னிரண்டு வருஷம் பிரிக்காமலே வைத்திருந்தார். உள்ளே ஒரு வீடியோ கேசட். அதில் ட்ரூடியே உட்கார்ந்து, தன்னை யார் கொல்லக்கூடும் என்று பெயரோடு சொல்கிறாள். ஊரார் கேஸெல்லாம் நூறு நூறாகத் துப்புத் துலக்கிய மேதையின் சொந்த வழக்குக்கு விடை, அவர் வீட்டிலேயே ரிப்பன் கட்டி உட்கார்ந்திருக்கிறது!

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மனைவி மூக்கை உறிஞ்சினாள். அத்தை மட்டும் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "கட்டினவ கொடுத்ததை இன்னும் பிரிச்சே பார்க்கலையா? அப்ப முதல் கல்யாணமே இன்னும் முடியல, மாப்பிள்ளை. இவருக்குப் போய் இரண்டாவது எங்க பார்க்கறது?" என்றார். எட்டு சீசனாக மங்க் பார்த்த இரண்டு மனநல மருத்துவர்களும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை, பீஸும் கிடையாது.

அதே கேசட்டில் இன்னொரு செய்தியும் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே ட்ரூடிக்கு ஒரு குழந்தை பிறந்து, இறந்துவிட்டதாக அவளிடம் சொல்லியிருந்தார்கள். குழந்தை இறக்கவில்லை. மாலி என்ற அந்தப் பெண் வளர்ந்து, சினிமா விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தாள். மங்க் அவளைத் தேடிப் போய்ப் பார்க்கிறார். துணை வேண்டும், ஆனால் ட்ரூடியின் இடத்தில் யாரும் உட்காரக் கூடாது என்ற முடிச்சை எழுத்தாளர்கள் அவிழ்த்த விதத்துக்கு நான் எழுந்து நின்று கைதட்டினேன். பெண் பார்க்கத்தான் வேண்டும், மனைவியாக இல்லை, மகளாக. எங்கள் மூன்று கட்சிக்கும் அது தோன்றவில்லையே!

சமாதானம் நீடிக்கவில்லை. 2023இல் 'மிஸ்டர் மங்க்ஸ் லாஸ்ட் கேஸ்' என்று ஒரு படம் எடுத்தார்கள். அதில் மங்க் இன்னும் தனிக்கட்டை. முன்னைவிட மோசமாக ஒடிந்துபோயிருக்கிறார். "நான் அப்பவே சொன்னேனே" என்றாள் மனைவி. மாலிக்குக் கல்யாணம் நிச்சயமாகி, முகூர்த்தம் நெருங்கும் நேரத்தில் மாப்பிள்ளையாகப்போகிறவன் உயரத்திலிருந்து கயிறு கட்டிக் குதித்துச் செத்துப்போகிறான். அது கொலையா விபத்தா என்று மங்க் கிளம்பினார். அத்தை என்னை நிறுத்தினார்.

"அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு, மாப்பிள்ளை?"

"நாற்பது இருக்கும், அத்தை."

"அப்பனை விடுங்க. முதல்ல இவளுக்கு ஒரு நல்ல இடமாப் பாருங்க. கயித்தைக் கட்டிக்கிட்டுக் குதிக்காத பையனா."