ஜாமீன் போட யார் இருக்கா?

1986. திண்டுக்கல்லில் தெருமுனையில் அம்மா இட்லிக் கடை வைத்திருந்தார். பழைய கிரைண்டர் ஒன்று விலைக்கு வந்தது, 2,000 ரூபாய். கடன் கேட்க வங்கிக்குப் போனபோது என்னையும் கூட்டிப் போனார். மேனேஜர் கேட்டார்: "சொந்த வீடாம்மா? பட்டா இருக்கா? ஜாமீன் போட சர்க்கார் உத்தியோகஸ்தர் யாராவது இருக்காங்களா?" மூன்றும் இல்லை. "அப்ப எதை நம்பிம்மா கொடுக்கிறது?" என்றார்.

ஏழைக்கும் கடன் கிடைக்க வேண்டும் என்றுதான் 1969இல் 14 வங்கிகளை அரசுடைமையாக்கினார்கள் என்று பள்ளியில் படித்திருந்தேன். அம்மாவோடு வெறுங்கையாகத் திரும்பிய அன்றைக்கு அந்தப் பாடம் நெஞ்சை அறுத்தது.

கிரைண்டர் தண்டல் பணத்தில் வந்தது. 2,000 எழுதிக்கொண்டு கையில் 1,700 கொடுத்தார்கள். நாளுக்கு 20 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். தண்டல் அட்டையில் நூறு கட்டங்கள். சாயங்காலம் டிவிஎஸ் 50இல் வருபவர் பணத்தை வாங்கிக்கொண்டு ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போடுவார். அட்டையின் ஓரமெல்லாம் அம்மாவின் மாவு விரல் பதிந்திருக்கும். நூறில் ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. அம்மாவின் நாணயத்துக்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

அந்த நாணயத்தை வங்கிகள் மதிக்கத் தொடங்கியது பிறகுதான். 1992இல் ஊரக வளர்ச்சிக்கான வங்கியான நபார்டு 500 சுயஉதவிக் குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்த்தது. 1997இல் தமிழ்நாட்டில் மகளிர் திட்டம் வந்தது. அம்மாவும் குழுவில் சேர்ந்து வாரம் 20 ரூபாய் போட்டார். குழுவின் சேமிப்பைப் போல நான்கு மடங்கு வரை கடன் கிடைத்தது. பட்டா கேட்கவில்லை, ஒருவர் தவணைக்கு மற்றவர்கள் பொறுப்பு, அவ்வளவுதான். முதல் கடனை வாங்கி வந்த அன்று அம்மா பாஸ்புக்கை சாமி படத்தின் முன் வைத்துக் கும்பிட்டார்.

போன வருடம் அக்கா மகள் தையல் கடைக்கு நாலு பவர் மெஷின் வாங்க 3 லட்சம் கேட்டுப் போனாள். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு, ஆதார், இரண்டு வருட வரவு செலவு எல்லாம் கையில். "வீட்டுப் பத்திரம் இருக்காம்மா? இல்லேன்னா எஃப்.டி. போடுங்க" என்றார்களாம். "பாட்டிகிட்ட கேட்டதையேதான் மாமா என்கிட்டயும் கேட்கிறாங்க" என்று போனில் அழுதாள்.

 இன்று அப்படிக் கேட்கத் தடை இருக்கிறது. குறு, சிறு தொழிலுக்கு அவள் கேட்ட அளவிலான கடனுக்கு அடமானம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. வங்கிக்கு நஷ்டம் வந்தால் ஈடுகட்ட 2000 முதலே கடன் உத்தரவாத நிதியம் இருக்கிறது. 2015 முதல் அடமானம் இல்லாமல் கடன் தரும் முத்ரா திட்டமும் இருக்கிறது. மறுநாள் அவளோடு நானும் போனேன். "கடன் கிடையாதுன்னா காரணத்தை எழுதிக் கொடுங்க சார்" என்று மட்டும் கேட்டாள். மூன்று வாரத்தில் கடன் வந்தது.

சட்டம் தெரியாமல் அந்தக் கவுன்ட்டரிலிருந்து திரும்பிப் போகிறவர்களை நினைத்தால்தான் மனம் ஆறவில்லை. பத்திரம் கேட்டால் விதியைச் சொல்லுங்கள். மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். வங்கியிடம் புகார் கொடுத்து 30 நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதுங்கள், கட்டணம் கிடையாது. வாங்கிய கடனைத் தவணை தவறாமல் கட்டுங்கள். அடுத்து வருகிறவளுக்கு அதுதான் ஜாமீன்.