இரவல் குதிரை மேல் ஒரு மாவீரன்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணத்தில் லேக் ஜெனீவா என்று ஓர் ஏரிக்கரை ஊர். டிராகன்களுக்கெல்லாம் அதுதான் திருத்தலம். தல புராணம் என்றால் ஒரு ரிஷி வேண்டுமே? இங்கே அந்த வேடத்தில் வருபவர் வேலை போன ஓர் இன்ஷூரன்ஸ்காரர். பெயர் கேரி கைகாக்ஸ். 1970இல் கம்பெனி அவரைக் கைகழுவியது. மனிதர் அசரவில்லை. வீட்டு நிலவறையில் செருப்புத் தைக்க உட்கார்ந்தார். அதே நிலவறையில் மணல் பரப்பிய மேஜை ஒன்றும் இருந்தது. அதில் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்திப் போர் நடத்தினார். முதல் தொழிலில் கொஞ்சம் காசு வந்தது, இரண்டாவதில் அதுவும் இல்லை. எதற்கு அதிக நேரம் ஒதுக்கியிருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்து மாகாணமான மினசோட்டாவில் இன்னொரு கோஷ்டி, நெப்போலியன் போர்களில் ஊறிப்போனது. 1969இல் அவர்களில் ஒருவரான டேவிட் வெஸ்லி, ஆளுக்கொரு படை தருவதற்குப் பதில் ஆளுக்கொரு வேடம் தந்தார். நீ ஊர் மேயர், நீ வங்கிக்காரன், நீ கலகக்கார மாணவன். அவ்வளவுதான், போரை எல்லாரும் மறந்துவிட்டார்கள். மூலைக்கு மூலை ஒதுங்கிக் குசுகுசுவென்று சதி செய்ய ஆரம்பித்தார்கள். ஆட்டம் நாசம் என்று வெஸ்லி தலையில் கைவைத்தார். மற்றவர்களோ, அடுத்தது எப்போது என்று கேட்டார்கள்.

அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர் டேவ் ஆர்னசன். ஒரு வாரக் கடைசி முழுக்கப் பேய்ப்படம் பார்த்துப் பாப்கார்ன் தின்ற மனிதர், அந்தப் போதை தெளியும் முன் மேஜை நடுவே ஒரு பிளாஸ்டிக் கோட்டையைக் கொண்டுவந்து வைத்தார். கீழே சுரங்க அறைகள், உள்ளே பூதங்கள், இறங்குங்கள் என்றார். நெப்போலியன் அன்றோடு அம்பேல். 1972 கடைசியில் இதை லேக் ஜெனீவாவுக்குப் போய் ஆடிக் காட்டினார். கைகாக்ஸ் சொக்கிப்போய்த் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார். இருவரும் சேர்ந்து 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' உருவாக்கினார்கள். 1979இல் ராயல்டி தகராறில் கோர்ட்டுக்கும் போனார்கள்.

ஆடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இதில் காய் நகர்த்திக் கட்டம் சேர வேண்டியதில்லை, ஜெயிப்பவரும் இல்லை. டஞ்சன் மாஸ்டர் என்பவர் கதை சொல்வார்: "கதவு திறந்திருக்கிறது, உள்ளே குறட்டைச் சத்தம்." நாம் சும்மா திரும்பிப் போகலாம். யாரும் போவதில்லை. உள்ளே நுழைவோம், பகடை உருட்டுவோம், செத்துப்போவோம்.

கற்பனைக்கு எல்லை இல்லை என்பார்கள். இந்தச் சரித்திரத்தில் எல்லையே இல்லாமல் இருந்தது இரவல்தான். அச்சுப்போட யாரும் முன்வராததால் 1973இல் கைகாக்ஸும் அவர் பால்ய நண்பர் டான் கேயும் தாங்களே டி.எஸ்.ஆர். என்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள். கேயின் பங்கு 1,000 டாலர். தன் ஆயுள் காப்பீட்டை வைத்துக் கடன் வாங்கியது. இன்ஷூரன்ஸ் தள்ளிவிட்ட மனிதருக்கு இன்ஷூரன்ஸே முதல் போட்டது. அதுவும் போதாமல் பிரையன் ப்ளூம் என்பவரை 2,000 டாலரோடு கூட்டாளியாக்கினார்கள். 1974 ஜனவரியில் பழுப்புப் பெட்டி ஒன்று வந்தது. உள்ளே மூன்று சிறு புத்தகங்கள், விலை 10 டாலர், மொத்தம் 1,000 பிரதிகள், பெட்டிக்குள் அடுக்கியதெல்லாம் வீட்டில்தான்.

பகடை? இருபது முகப் பகடையைக் கலிபோர்னியாவில் பள்ளிகளுக்குக் கணக்குச் சாமான் விற்றவர்களிடமிருந்து வாங்கினார்கள். மட்ட ரக பிளாஸ்டிக். ஆட ஆட முனை தேய்ந்து கோலிக்குண்டாகிவிடும். எண்கள் தெரியவில்லையென்றால் நாமே கிரேயானைத் தேய்த்து நிரப்பிக்கொள்ள வேண்டும்.

பூதங்கள்? மலிவுக் கடையில் ஹாங்காங் பிளாஸ்டிக் பொம்மைகள் ஒரு பை விற்றது. டைனோசர் என்று நினைத்துச் செய்திருக்கிறார்கள். எந்த டைனோசருக்கும் அந்த அவலட்சணம் கிடையாது. ஒன்றைப் பார்த்து, இது இரும்பைத் துருவாக்கித் தின்னும் என்றார் கைகாக்ஸ். இன்னொன்று ஆந்தைத் தலைக் கரடி ஆயிற்று. பொம்மைத் தொழிற்சாலையின் அசிரத்தைக்கு இப்படியொரு அமரத்துவம் வேறெங்கும் வாய்த்ததில்லை.

டால்கியனின் ஹாபிட்டுகளையும் அப்படியே தூக்கி வைத்துக்கொண்டார்கள். உரிமைக்காரர்கள் கண்ணை உருட்டியதும், 1977 வாக்கில் ஹாபிட் 'ஹாஃப்லிங்' ஆனான். உயரம், பசி, திருட்டுத்தனம் எதிலும் மாற்றமில்லை.

உச்சம் இனிமேல்தான். அந்த முதல் பெட்டியின் மேல் முன்னங்கால் தூக்கிய குதிரையில் ஒரு மாவீரன். கிரெக் பெல் என்ற இளைஞர் வரைந்தது. வரைந்தது என்பது மரியாதைக்காக. மார்வெலின் 'ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ்' 1968 இதழ் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதே குதிரை அதே கோணத்தில் கனைக்கும். இன்று ஒரு பொடியன் ஒரு தோள்பட்டையை டிரேஸ் பண்ணிவிட்டான் என்று ஓவியக் குழுக்களில் பஞ்சாயத்து கூட்டுகிறார்களே, அவர்களுக்கு இந்த ஆதிக்குதிரையைக் காட்ட எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

நிஜமாகவே வரையத் தெரிந்தவர்களும் வந்தார்கள். 1978இன் 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்' அட்டையை டேவ் டிராம்பியர் போட்டார். பெரிய அசுர விக்கிரகம், அதன் கண்ணிலிருந்து ரத்தினத்தை நெம்பி எடுக்கும் இரண்டு திருடர்கள். சண்டை முடிந்தாகிவிட்டது, கீழே பிணத்தை இழுக்கிறார்கள், வரைபடம் பார்க்கிறார்கள். சாகசத்தின் பெரும்பகுதி சுத்தம் செய்வதுதான் என்று புரிந்த ஒரே ஓவியர். 1988இல், தொடராக வந்த தன் காமிக்ஸைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காணாமல் போனார். அனுப்பிய காசோலைகள் திரும்பி வந்தன. செத்துவிட்டார் என்றே பலர் நம்பினார்கள். 2002இல் இல்லினாய்ஸ் மாகாணத்தின் கார்பண்டேலில் ஒரு மாணவர் பத்திரிகை, இரவு டாக்ஸி ஓட்டுநரின் வாழ்க்கை பற்றி எழுதியது. அந்த ஓட்டுநர் அவர்தான். ரசிகர்கள் ஓடினார்கள். அவர் திரும்பி வர மறுத்துவிட்டார். இந்தக் கதையில் என் மரியாதை முழுவதும் அவருக்கே.

நடுவில் 1980களில், இந்த ஆட்டம் பிள்ளைகளைப் பிசாசு வழிபாட்டுக்கு இழுக்கிறது என்று அமெரிக்கப் பெற்றோர் சிலர் கிளம்பினார்கள். ஆடுகிறவனைக் கேட்டிருக்கலாம். ஐந்து மனிதர்களை ஒரே சனிக்கிழமை ஒரே மேஜைக்கு வரவழைக்கவே நாக்குத் தள்ளுகிறது. பிசாசை எங்கிருந்து அழைப்பது?

பிறகு கணினி வந்தது. 1994இல் ஃபோட்டோஷாப்பில் லேயர் நுழைந்ததும் அழிரப்பருக்கு வேலை போயிற்று. இப்போது ஸ்டைலஸ் பிடித்தவனெல்லாம் தன் கேரக்டரைத் தானே வரைகிறான். முகத்துக்கு மூன்று வாரம், கண் இமைக்கே தனி லேயர். கை வரைய வராது. ஆகவே இந்த உலகத்து மந்திரவாதிகள் எல்லாருமே கையை அங்கிக்குள் ஒளித்துக்கொண்டு நிற்கிறார்கள். அப்பா அம்மாவைக் கொன்றவனைத் தேடும் பின்கதை நான்கு பக்கம். முதல் நாள் ஆட்டம், முதல் கதவு, பகடையில் ஒன்று விழுகிறது. எலி கடித்து மந்திரவாதி காலி.

அடுத்த வாரம் அவனுடைய இரட்டைச் சகோதரன் வருவான். அதே ஃபைல், தாடி லேயரை மட்டும் அணைத்திருக்கும்.